விஜயதசமியன்று திறக்க மறுத்த கேம்

கேம் திறக்கவில்லை என்று யாராவது போன் செய்தால் போதும், "டிரைவரை எடுத்துட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டு நீங்கள் டீக்கடைக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். வேலையை விட்டு நின்றுவிட்டாலும் நான் நம் கம்ப்யூட்டர் கடைப் பக்கம் வந்து போகிறவள்தானே, எல்லாம் காதில் விழுகிறது. அந்தப் பதில் தப்பு என்று சொல்ல மாட்டேன். கார்டை ஓட்டுகிற அந்தச் சின்ன சாஃப்ட்வேரைப் புதிதாகப் போட்டாலே பல நேரம் போதும். ஆனால் போதாத நாள் ஒன்று வரும். அன்றைக்கு உங்கள் எதிரே நிற்கிறவர்களுக்கு அந்தக் கறுப்புத் திரையில் மாட்டியிருப்பது வெறும் கேம் மட்டுமாக இருக்காது. அப்போது என்ன செய்வீர்கள் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

எந்த மெனுவுக்குள் போக வேண்டும், எந்தக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அதை உங்கள் கையிலிருக்கும் போனே சொல்லிவிடும். போன் சொல்லித்தராத ஒன்று உண்டு. அதை ஒரே ஒரு நாளை வைத்துச் சொல்கிறேன்.

அந்த வருடம் விஜயதசமி புரட்டாசிச் சனிக்கிழமையில் வந்து விழுந்தது. முந்தின நாள் ஆயுத பூஜைக்கு ராஜபாளையம் கடையில் ஸ்க்ரூடிரைவர், மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன் எல்லாவற்றையும் துடைத்துப் பூஜையில் வைத்திருந்தோம். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை போட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். முதலாளி இதில் படு கண்டிப்பு. அவர் நல்ல நேரத்துக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொரிகடலையைக் கொறித்துக்கொண்டிருந்தேன். பையன்கள் எல்லோருக்கும் லீவு. அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுபா போன் செய்தாள்.

சுபா கல்லூரி முடித்த பெண். அவளுடைய கம்ப்யூட்டரை நான்தான் என் கையால் அசெம்பிள் செய்து கொடுத்தேன். அணி அணியாகச் சேர்ந்து சுடும் கேம் ஒன்றை ஆடுவாள். பொழுதுபோக்குக்காக இல்லை. சென்னையில் ஒரு டீம் ஆட்களை எடுக்கிறது, அதில் சேர்ந்துவிட்டால் இதுவே வேலை என்று முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். அந்த டீமின் செலக்‌ஷன் ஆட்டம் அன்று மதியம் மூன்று மணிக்கு. வீட்டிலிருந்தே ஆட வேண்டும். மூன்று மணிக்கு உள்ளே இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள்.

"அக்கா, கேம் ஓப்பனே ஆக மாட்டேங்குது. முந்தாநாள் நல்லா ஓடுச்சு. இன்னைக்குக் காலைலருந்து, ஏத்த கிராபிக்ஸ் கார்டு இல்லன்னு சொல்லி மூடிக்கிடுது. கோயம்புத்தூர் ஃப்ரெண்டு, கேமை அழிச்சிட்டுத் திரும்ப டவுன்லோடு பண்ணச் சொல்றான். அழிச்சிரவா?"

"அழிச்சன்னா அப்பறம் எங்கிட்டப் பேசாத" என்று கத்தினேன். முதலாளி திரும்பிப் பார்த்தார். அந்தக் கேம் எவ்வளவு பெரியது, அவர்கள் தெருவில் நெட் எந்த வேகத்தில் வரும் என்பது எனக்குத் தெரியும். அழித்துவிட்டால் மறுநாள் காலைக்குக்கூட அது இறங்கி முடியாது. அவசரத்தில் இருப்பவர்கள் கை எப்போதும் திரும்பி வர முடியாத வேலையைத்தான் முதலில் தேடிப் போகும். எதையாவது செய்துகொண்டிருக்கிறோம் என்ற நிம்மதி அதில் கிடைக்கிறது இல்லையா? முதலில் அந்தக் கையைப் பிடியுங்கள். ரிப்பேர் எல்லாம் பிறகு.

"ஒண்ணையும் தொடாத. நான் வாரேன்" என்று போனை வைத்தேன்.

பையைத் தூக்கப் போனால் முதலாளி குறுக்கே வந்து நிற்கிறார். "மறுபூஜை போடலையேம்மா?"

"நீங்க சூடத்தப் பொருத்துங்க, நான் ஸ்க்ரூடிரைவர எடுக்குறேன்."

"நல்ல நேரம் வர இன்னும் செத்த நேரம் இருக்கு."

"அந்தப் பிள்ளைக்கு மூணு மணியோட நல்ல நேரம் முடியுது, அண்ணாச்சி."

முணுமுணுத்துக்கொண்டே சூடத்தைக் கொளுத்தினார். ஒத்திக்கொண்டு, குங்குமக் கையோடு பஸ் ஏறினேன். அந்த அவசரத்தில் ஸ்பிரிட் பாட்டிலைக் கடையிலேயே விட்டுவிட்டது பிறகுதான் தெரிந்தது. புரட்டாசிச் சனிக்கிழமையில் ஸ்ரீவில்லிபுத்தூர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரை ஒட்டிய மலையில் இருக்கும் நம் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம் ரோடு முழுக்க. பஸ் நகரவே இல்லை. கண்டக்டரிடம் சண்டை போட்டு வழியிலேயே இறங்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தேன். சுபா வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. 

கதவைத் திறந்தவர் அவளுடைய அப்பா கருப்பசாமி. மிலிட்டரியில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலிருந்தாலும் சட்டையில் மடிப்புக் கலையாது.

"வாங்க மேடம். நான் எதையும் தொடல" என்றார்.

நான் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அதை மனதில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

சுபாவின் அம்மா பெருமாளைப் பார்க்க மலைக்குப் போயிருந்தார். சுபா கம்ப்யூட்டர் முன்னால் குளிக்காத தலையோடு உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. டிரைவரை எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறாள், அப்டேட் செய்து பார்த்திருக்கிறாள். எதற்கும் அசையவில்லை. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால், கேமின் படத்தைத் திரையில் வரைகிற கிராபிக்ஸ் கார்டு பாகங்களின் லிஸ்டிலேயே இல்லை. இருந்த கார்டை யாரோ தூக்கிக்கொண்டு போனது போலச் சுத்தமாகக் காணவில்லை. பெட்டியின் பக்கக் கண்ணாடி வழியே பார்த்தால் கார்டு அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் பார்த்தேன். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் இருக்க வேண்டியது. மதர்போர்டில் இருக்கும் வேறு துளையில் மாட்டியிருந்தது. அதனால்தான் திரையில் படம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஆனால் கேபிள் மாறியதற்கெல்லாம் கார்டு லிஸ்டிலிருந்து காணாமல் போகாது.

"கேபிள நீ மாத்துனியா?"

"நான் எதுக்குக்கா மாத்தப் போறேன்? நேத்துப் பூஜைன்னு சிஸ்டத்தத் தொடவே இல்ல. அம்மாவும் நானும் ஆண்டாள் கோயிலுக்குப் போயிட்டு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அது மகள் அப்பாவைப் பார்க்கிற பார்வையாக இல்லை.

"வீட்ல நீங்க மட்டுந்தானப்பா இருந்தீங்க?"

அவர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"இந்த ஒரு செலக்‌ஷன்தான், இதுல கெடைக்கலன்னா திங்கக்கெழம போலீஸ் எஸ்.ஐ. கோச்சிங்ல சேந்துரணும்னு சொன்னீங்க. நானும் சரின்னேன். அதுக்குள்ளயாப்பா பொறுக்கல? கேபிளப் புடுங்கிட்டாப் போதும், பிள்ள தானா வழிக்கு வந்துரும்னு நெனச்சீங்களா?"

"ஏட்டி, நான் தொடலங்கேன்" என்றார் அவர். குரல் உள்ளே போயிருந்தது.

சுபா என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நேத்து இந்த வீட்ல பைக்குக்குப் பொட்டு. தையல் மெஷினுக்குப் பொட்டு. அருவாமணைக்குக்கூடப் பொட்டு வெச்சாங்க. என் சிஸ்டத்துக்கு வைங்கம்மான்னு சொன்னேன். அது வெளையாட்டுச் சாமான், ஆயுதமான்னு கேட்டாங்க அப்பா. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

இந்த இடத்தில் நிறுத்தி உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? "சார், உண்மையைச் சொல்லுங்க, தொட்டீங்களா இல்லையா?" என்று கேட்டிருப்பீர்கள். உங்களைத் தெரியாதா எனக்கு? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு வரும் பதில், "இல்லை" ஒன்றுதான். ஒரு தடவை இல்லை என்று சொல்லிவிட்டார். மகளுக்கு முன்னால், மூன்றாம் மனுஷிக்கு முன்னால் இனி அதிலிருந்து இறங்கி வர அவரால் முடியாது. அந்தக் கம்ப்யூட்டரில் என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் அவர்தான். அவரைக் கூண்டில் ஏற்றினால் எனக்கு வேண்டிய சாட்சி போய்விடும். அப்புறம் நான் இருட்டில் தடவ வேண்டியதுதான்.

எனக்கு சுபா மேல் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது. "போயி ரெண்டு வாய் சாப்பிடு. முகத்தக் கழுவு" என்றேன்.

"எனக்குச் சோறு எறங்காது."

"எறங்கலன்னா தண்ணியக் குடி. நீ இங்க நின்னா என் கை ஓடாது. போ."

முறைத்துக்கொண்டே போனாள். கதவைச் சாத்திவிட்டு, "சார், எனக்குச் செத்த டார்ச் அடிங்க" என்று கருப்பசாமியைக் கூப்பிட்டேன்.

பக்கக் கண்ணாடியைக் கழற்றியதும் அப்படியே அசந்துவிட்டேன். நம் பக்கத்துக் கம்ப்யூட்டரைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும்? மில்களிலிருந்து பறந்து வரும் பஞ்சு. ஃபேனில், மூலையில், கார்டின் அடியில் எல்லாம் பஞ்சு பஞ்சாக அப்பியிருக்கும். இது கழுவி வைத்த வெண்கலப் பாத்திரம் போல இருந்தது. நான் சுருட்டித் திணித்திருந்த வயர்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, முடிச்சு ஒரே பக்கமாகப் பார்க்கும்படி கட்டப்பட்டிருந்தன. கிட்டத்தில் குனிந்தேன். தையல் மெஷின் எண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. ஐயோ என்று மனதுக்குள் அலறினேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அவர் முகத்தைப் பார்க்காமல், கம்ப்யூட்டரைப் பார்த்தே பேசினேன். "யாரு செஞ்சாங்களோ, நல்ல கை சார். இம்புட்டு சுத்தமா நான் பாத்ததே இல்ல. எங்க கடைப் பசங்கள இவிங்ககிட்ட அனுப்பிப் படிக்க வைக்கணும்."

டார்ச்சை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தார்.

"எத முதல்ல கழட்டுனாங்க, எங்கெல்லாம் எண்ணெ போட்டாங்கன்னு தெரிஞ்சா எனக்குப் பாதி வேல மிச்சம். மூணு மணிக்குள்ள முடிச்சிரலாம்" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூவைத் தேடுவது போல் பைக்குள் கையை விட்டேன்.

 வெளியே சுபா தட்டை நகர்த்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மேடம், நான்தான்" என்றார்.

"சரி சார். வரிசையாச் சொல்லுங்க."

மனிதர் நிமிர்ந்து நின்றார். மேலதிகாரிக்கு ரிப்போர்ட் கொடுக்கிற மாதிரியே சொன்னார். கண்ணாடியைக் கழற்றியது, பிரஷ் போட்டுத் தூசியை எடுத்தது, பெரிய கார்டை உருவியது, அதன் அடியில் இருக்கும் தங்க நிறப் பல்லில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியது, அது செருகுகிற பள்ளத்திலும் சொட்டு விட்டது, பக்கத்திலிருந்த நீளமான இரண்டு பட்டைகளையும் உருவித் துணியால் துடைத்து மாட்டியது. "அதுக்கு எண்ணெ போடல மேடம், வெறுந்துணிதான்." கடைசியில் டிவி வயரை, அதாவது மானிட்டர் கேபிளை, மாட்டுகிற இடம் ஒன்று போலவே இருந்ததால் கண்ணில் பட்டதில் மாட்டிவிட்டார். வேலை தெரிந்த உங்களில் ஒருவர்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்.

"எதுக்கு சார் எண்ணெ?"

"எங்க யூனிட்ல ஆயுத பூஜைன்னா துப்பாக்கியப் பூராப் பிரிச்சுத் தொடச்சு, எண்ணெ போட்டு, மாட்டித்தான் பூஜைல வைப்போம். தூசியோட வெச்சா அது பூஜையா மேடம்? அவ கோயிலுக்குப் போயிருந்தாளா, அந்தச் சமயத்துல செஞ்சு வெச்சிட்டேன். ஆத்திரத்துல வெளையாட்டுச் சாமான்னு சொல்லிட்டேன். பொறவு மனசு கேக்கல."

கார்டை மெல்ல உருவினேன். எண்ணெய் விரலில் வழுக்கியது; கார்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே தொடர்பை அறுத்திருந்தது அதுதான். திருப்பிப் பார்த்தால், அதன் முதுகுத் தகட்டில், மூடிவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், காய்ந்த சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும் இருந்தன. கட்டைவிரலை அழுத்தி வைத்த பெரிய பொட்டு.

"அதத் தொடச்சிருங்க மேடம்" என்றார் பதற்றமாக. "அவ பாத்தா..."

கதவு திறந்தது. சுபா தண்ணீர் சொம்போடு நின்றாள். என் கையிலிருந்த கார்டைப் பார்த்தாள். பொட்டைப் பார்த்தாள்.  கெடுக்க வந்தவர் பொட்டு வைப்பாரா? அதை நான் வேறு வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா?

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லப்பா" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

"வெளையாட்டுச் சாமான்னு சொன்ன வாயால எப்பிடிட்டி சொல்ல?"

அவள் அழ ஆரம்பித்தாள்.  ஆனால் கடிகாரம் யாருக்காகவும் நிற்கவில்லை. "அழுகையெல்லாம் மூணு மணிக்கு மேல வெச்சுக்கோங்க" என்று அதட்டினேன். "சார், மெடிக்கல்ல ஓடிப்போய் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கிட்டு வாங்க. நீ உன் பழைய பென்சில் டப்பால ரப்பர் இருக்கா பாரு."

அந்த வயதில் ஒரு மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. செருப்புக்கூடப் போடவில்லை. ஸ்பிரிட்டோடு, கேட்காமலே கட்டுத்துணிச் சுருள் ஒன்றும் வாங்கிக்கொண்டு வந்தார்.

கார்டின் பல்லை ரப்பரால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்தேன். அது எளிது. பள்ளம்தான் உயிரை எடுத்தது. துணியை மடித்து, நனைத்து, உள்ளே விட்டு எடுக்க எடுக்க எண்ணெய் வந்துகொண்டே இருந்தது. பொட்டை நான் தொடவில்லை. அது மின்சாரம் போகிற இடமும் இல்லை.

துடைத்து முடித்ததும் சுபா பவர் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனாள். கையைத் தட்டிவிட்டேன். "காயணும்."

"அக்கா, நேரத்தப் பாருங்க!"

"பாத்துட்டேன். ஈரத்தோட போட்டா இன்னைக்கு மட்டும் இல்ல, என்னைக்கும் ஓடாது."

"அந்த டீம்காரங்க உள்ள வரச் சொல்லி மெசேஜ் போட ஆரம்பிச்சுட்டாங்கக்கா!"

"போடட்டும்."

தம்பிகளா, தங்கச்சிகளா, இந்த வேலையில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது எது தெரியுமா? ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதுதான். ஒரு பெண் பக்கத்தில் நின்று துடிக்கிறாள், அவள் அப்பா விசிறியை எடுத்து அந்தப் பள்ளத்துக்கு வீசிக்கொண்டிருக்கிறார், நான் கையைக் கட்டிக்கொண்டு ஈரம் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனதுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் கையைக் கட்டியது கட்டியதுதான்.

காய்ந்தது. கார்டை அழுத்தி உட்கார வைத்தேன். கேபிளை கார்டில் மாட்டினேன். பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். கறுப்பு. இப்போது கேம் மட்டுமில்லை, முன்பு வந்துகொண்டிருந்த படமும் இல்லை. சுபா கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.  கார்டு எண்ணெயில் போய்விட்டதா, துடைத்ததில் பள்ளத்து ஊசி எதுவும் வளைந்துவிட்டதா? தலைக்குள் என்னென்னவோ ஓடுகிறது.

"மேடம்" என்றார் கருப்பசாமி, தயங்கித் தயங்கி. "அந்த ரெண்டு பட்டைல ஒண்ணு, மாட்டும்போது டிக்குன்னு சத்தம் குடுத்துச்சு. இன்னொண்ணு குடுக்கல. அதையும் சொல்லிரணும்னு..."

அவர் பட்டை என்றது ரேமை, மெமரியை. அரைகுறையாக உட்கார்ந்து எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தது, நான் கம்ப்யூட்டரைச் சாய்த்து நிமிர்த்தியதில் தொடர்பு விட்டிருக்கிறது. இரண்டையும் உருவி மாட்டினேன். இரண்டும் டிக் என்றன. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் தலையை ஆட்டினார். பட்டனை அழுத்தினேன். படம் வந்தது. லிஸ்டில் கார்டின் பெயர் வந்தது. என் பென் டிரைவிலிருந்து டிரைவரைப் போட்டேன். ஆமாம், நீங்கள் முதல் வரியில் சொல்வதை நான் கடைசி வரியில் செய்தேன்.

சுபா கேமைத் தொட்டாள். கொஞ்ச நேரம் கறுப்பு.  பிறகு இசையோடு திறந்தது.

"தாயே ஆண்டாளு" என்று கத்தியது சுபா இல்லை, நான்தான்.

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவள் உள்ளே நுழையவும் மூன்று மணி ஆகவும் சரியாக இருந்தது. நானும் அவள் அப்பாவும் ஹாலுக்கு வந்துவிட்டோம். அவர் உட்காரவில்லை. கதவுக்கு வெளியே நின்று மவுஸ் தட்டுகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் சத்தம் நின்றால், "நின்னுபோச்சா மேடம்?" என்று என்னைப் பார்ப்பார். "ஆட்டத்துல செத்திருப்பா சார், திரும்ப எந்திரிப்பா" என்பேன். செத்திருப்பாள் என்றதும் முகம் சுருங்கிவிடும், பாவம்.

சுபா வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. வந்தவள் ஹெட்செட்டைக் கழுத்திலேயே தொங்கவிட்டிருந்தாள்.

"சிஸ்டம் சூப்பரா ஓடுச்சுக்கா. ஒரு தடவகூடத் தெணறல." பிறகு அப்பாவைப் பார்த்தாள். "நான்தான் ஆடலப்பா. வேற பொண்ண எடுத்துட்டாங்க."

 அந்தப் பாடுபட்டது இதற்குத்தானா என்று ஆத்திரமாக வந்தது. ஆனால் அவள் கண்ணில் மதியம் அப்பாவைப் பார்த்த அந்தப் பார்வை இல்லை. தோற்றது தன் கையால் தோற்றது. யாரோ கேபிளைப் பிடுங்கித் தோற்கவில்லை. அந்த வித்தியாசத்துக்காகத்தான் நாம் பஸ் ஏறிப் போகிறோம் என்று இப்போது நினைக்கிறேன்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான். திங்கக்கெழம கோச்சிங்குக்கு வாரேன்" என்றாள் அவள்.

கருப்பசாமி மீசையைத் தடவினார். என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"ஏட்டி, ஒரே செலக்‌ஷன்ல எவனுக்குக் கெடச்சுது? எனக்கே மூணாவது தடவதான் மிலிட்டரி கெடச்சுது. ரெண்டு தடவ ஓட்டத் தேர்வுலயே கழிச்சுவிட்டுட்டான்."

சுபா வாயைப் பிளந்தாள். "போன ஒடனே எடுத்தாங்கன்னு ஊரு பூராச் சொல்லிட்டுத் திரியுறீங்க?"

"ஒங்கம்மைக்கே அப்பிடித்தான் சொல்லி வெச்சிருக்கேன். நீ போயி ஒளறிராத." பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, ஹவில்தார் ஆனார். "அடுத்த செலக்‌ஷன் எப்பன்னு அவிங்ககிட்டக் கேட்டியா, இல்ல அழுதுட்டே எந்திரிச்சு வந்துட்டியா?"

கேட்கவில்லை என்று அவள் தலையை ஆட்டினாள்.

"போ. போயிக் கேட்டுட்டு வா" என்றார்.